ஏற்பாடு, உடன்படிக்கை, மரணசாசனம்: கிருபையின் உடன்படிக்கையும் புதிய உடன்படிக்கையும்



கிறித்தவ வேதத்தைத் தம் மறையாகக் கொண்டோரும் அவ்வாறு கொள்ளாதோரும் இவ்வவையில் ஒருங்கே அமர்ந்திருக்கிறீர்கள். ஆதலின் இறையியல் நூல்களில் தொடங்காமல், நம் எல்லார்க்கும் பொதுவாகிய தமிழ்ச் சொற்களில் தொடங்குவோம்.

அவ்வேதத்தின் பிற்பகுதியைத் திறந்தால் முகப்பில் 'புதிய ஏற்பாடு' என்னும் பெயர் நிற்கும். அதே பகுதிக்குள், இயேசு தம் சீடரோடு உண்ட இறுதி இராவுணவைச் சொல்லுமிடத்தில், 'புதிய உடன்படிக்கை' என்று வரும். கிரேக்க மூலத்தில் இவ்விரண்டுக்கும் சொல் ஒன்றே, அது 'தியாதேக்கே'. பவர் ஐயர் தலைமையிலான குழுவினர் திருத்தி 1871இல் முழுமையாக வெளியிட்ட மொழிபெயர்ப்பே இன்றும் பெரும்பாலான சீர்திருத்தத் திருச்சபைகளில் வாசிக்கப்படுகிறது. அதில் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தை நோக்குக. ஆறாம் வசனத்தில் 'உடன்படிக்கை' என்று வந்த அதே கிரேக்கச் சொல், எட்டு வசனங்கள் கடந்து பதினான்காம் வசனத்தில் 'ஏற்பாடு' ஆகிவிடுகிறது. எபிரெயருக்கு எழுதிய நிருபத்தின் ஒன்பதாம் அதிகாரத்திலோ 'மரணசாசனம்' என்னும் மூன்றாம் வடிவம் கொள்கிறது.

இதனை மொழிபெயர்ப்பாளரின் கவனக்குறைவு என்று தள்ளுவது எளிது. நாம் அவ்வாறு கருதவில்லை. பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியத் திருச்சபைகளைப் பிளந்த பெரியதொரு வினா அம்மூன்று சொற்களுக்கிடையே அடங்கிக் கிடக்கிறது. கடவுள் ஆதிமுதல் மனிதரோடு கொண்டிருந்த உறவு முழுவதையும் ஒரே 'கிருபையின் உடன்படிக்கை' என்று சொல்லலாமா? சொல்லலாம் எனின், எரேமியா தீர்க்கதரிசி முன்னுரைத்ததும் இயேசுவின் இரத்தத்தால் உறுதியானதுமாகிய 'புதிய உடன்படிக்கை' எவ்வகையில் புதியது? இதுவே நாம் இன்று ஆராயப் புகும் வினா.

முதற்கண் சொல்லின் பிறப்பு. எபிரேய மொழியில் 'பெரித்' என்னும் சொல் பழைய ஏற்பாட்டில் 280க்கும் மேற்பட்ட இடங்களில் வருகிறது. அதைக் கிரேக்கத்தில் பெயர்த்த அலெக்சாந்திரிய யூதர் முன் இரு சொற்கள் இருந்தன. ஒன்று 'சுந்தேக்கே'. இதில் 'சுன்' என்னும் முன்னொட்டு நம் 'உடன்' என்பதற்கு நிகர். இருவர் சமநிலையில் நின்று செய்துகொள்ளும் உடன்பாட்டைக் குறிப்பது. மற்றொன்று 'தியாதேக்கே'. ஒருவர் தம் உடைமையைத் தம் விருப்பப்படி வகுத்து வைப்பதையும், சிறப்பாக இறப்புக்குப்பின் செல்லுபடியாகும் சாசனத்தையும் குறிப்பது. அவர்கள் ஏறக்குறைய எல்லா இடங்களிலும் இரண்டாவதையே எடுத்தனர். கடவுளும் மனிதரும் சமமாக அமர்ந்து பேரம் பேசுவதில்லை என்ற எண்ணமே இதற்குக் காரணம் என்பர் அறிஞர். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அக்குவிலா என்பார் மீண்டும் மொழிபெயர்த்தபோது 'சுந்தேக்கே'யைப் பயன்படுத்தினார். இலத்தீனிலும் இதே ஊசலாட்டம் உண்டு. எரோணிமுசு எபிரேயத்திலிருந்து பெயர்த்த பகுதிகளில் ஒப்பந்தப் பொருள்தரும் சொற்களையும், புதிய ஏற்பாட்டில் முந்தையோர் வழக்கைத் தழுவிச் சாசனப் பொருள்தரும் 'தெசுதாமெந்தும்' என்பதையும் காண்கிறோம்.

தமிழுக்கு வருவோம். 'உடன்படிக்கை' அமைப்பில் 'சுந்தேக்கே'யின் உடன்பிறப்பு. 'ஏற்பாடு' என்பதோ 'தியாதேக்கே'க்கு வியக்கத்தக்க அளவு நெருங்கியது. திருமண வீட்டில் பந்திக்கு ஏற்பாடு செய்பவர் ஒருவர். இலையில் அமர்ந்து உண்பவர் பலர். உண்பவரின் கையொப்பம் அங்கே கேட்கப்படுவதில்லை. (இலக்கண மாணவர் இதனைத் தொல்காப்பியம் நெய்தலுக்குக் கூறும் 'எற்பாடு' என்னும் பொழுதோடு மயங்க வேண்டா, அது எல்லின் பாடு, வேறு சொல்.) 1715இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சேற்றிய நூல்முதல் இன்றுவரை எத்தனையோ சொற்கள் மாறிவிட்டன. எனினும் இன்று முகப்பில் ஏற்பாடும் உள்ளே உடன்படிக்கையும் நிற்கின்றன.

இவ்விரு பொருள்களும் மூலநூலிலேயே இரு காட்சிகளாக நிற்கின்றன. ஆதியாகமம் பதினைந்தாம் அதிகாரத்தில் ஆபிராம் விலங்குகளைப் பிளந்து எதிரெதிரே வைக்கிறார். பிளவுகளினூடே உடன்படுவோர் நடந்து செல்வது அக்கால வழக்கம். பிறழ்ந்தவர்க்கு இவ்விலங்கின் கதி நேர்க என்பது அதன் உட்பொருள். ஆயினும் ஆபிராம் நடக்கவில்லை. அவர்மேல் ஆழ்ந்த உறக்கம் வருகிறது. புகையும் சூளையும் தீப்பந்தமும் மட்டுமே பிளவுகளினூடே கடந்து செல்கின்றன. கடப்பாடு முழுவதையும் ஒரு தரப்பே ஏற்றுக்கொள்கிறது. சீனாய் மலையடியிலோ நிலைமை வேறு. யாத்திராகமம் இருபத்துநான்காம் அதிகாரத்தில் மோசே கட்டளைகளை வாசிக்க, மக்கள் யாவற்றையும் செய்வோம் என்று வாக்களிக்கின்றனர்; இரத்தத்தில் பாதி பலிபீடத்தின்மேலும் பாதி மக்கள்மேலும் தெளிக்கப்படுகிறது. இங்கே இரு தரப்பும் கடமைப்படுகின்றன. முன்னது ஏற்பாடு, பின்னது உடன்படிக்கை.

எபிரேயர் உடன்படிக்கையை 'வெட்டுதல்' என்றே சொல்வர். தமிழ்நாட்டு மன்னர் கோயிலுக்கு விட்ட கொடையைச் சந்திர சூரியர் உள்ளவரை நிலைக்குமாறு கல்லில் வெட்டுவித்தனர். வெட்டப்பட்டது அங்கே விலங்கு, இங்கே கல். ஆகையால் ஒப்புமையை மிகைப்படுத்தலாகாது. எனினும் எரேமியா முப்பத்தோராம் அதிகாரத்தில் புதிய உடன்படிக்கையைச் சொல்லி முடித்தவுடன், சூரிய சந்திர நட்சத்திரங்களின் ஒழுங்கு நிலைக்கும்வரை இஸ்ரவேலின் சந்ததியும் நிலைக்கும் என்று தொடர்வது கல்வெட்டு வாசித்துப் பழகிய தமிழர்க்கு அயலாகத் தோன்றாது.

அவ்வெரேமியா எருசலேம் பாபிலோனியரிடம் வீழ்ந்த காலத்தவர். 'புதிய உடன்படிக்கை' என்னும் தொடர் எபிரேய வேதம் முழுவதிலும் அவர் நூலில் ஒரேயிடத்தில்தான் வருகிறது. எகிப்திலிருந்து மீட்டபோது செய்த உடன்படிக்கையை முன்னோர் மீறினர்; இனிச் செய்யப்போவது அதைப்போன்றதன்று; நியாயப்பிரமாணம் கற்பலகையில் அன்றி உள்ளத்தில் எழுதப்படும்; பாவம் இனி நினைக்கப்படாது. இதுவே அவ்வாக்கின் சாரம். முன்னதில் குறை எங்கே இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். மீறத்தக்கதாக அது இருந்தது; மக்கள் மீறினார்கள். புதியதில் மக்களின் கீழ்ப்படிதலே நிபந்தனையாக நில்லாமல் வாக்குத்தத்தத்தின் ஒரு பகுதியாகிவிடுகிறது. எபிரெயர் நிருபத்தின் ஆசிரியர் இப்பகுதியை எட்டாம் அதிகாரத்தில் முழுமையாக எடுத்தாள்கிறார்; புதிய ஏற்பாட்டில் உள்ள பழைய ஏற்பாட்டு மேற்கோள்களில் இதுவே மிக நீண்டது. எடுத்தாண்டபின் முந்தியது பழமையாகிவிட்டது என்று தயக்கமின்றித் தீர்ப்பும் கூறுகிறார்.

இனி 'கிருபையின் உடன்படிக்கை'. இத்தொடர் வேதத்தில் எங்கும் இல்லை. இறையியலார் ஆக்கிக்கொண்ட கலைச்சொல் இது. கலைச்சொல் ஆக்குவது குற்றமன்று என்பதை இம்மன்றத்தில் நாம் வாதிட வேண்டியதில்லை. எத்தேவைக்காக ஆக்கப்பட்டது என்பதே கேள்வி.

1525ஆம் ஆண்டு சனவரியில் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் சிலர், குழந்தையில் பெற்ற ஞானஸ்நானத்தை ஒப்புக்கொள்ளாது, விசுவாசித்த பெரியோராக மீண்டும் ஞானஸ்நானம் பெற்றனர். அவர்களுள் ஒருவராகிய பெலிக்ஸ் மான்ஸ் 1527இல் லிம்மாத் ஆற்றில் மூழ்கடித்துக் கொல்லப்பட்டார். உடன்படிக்கை பற்றிய ஆராய்ச்சி மனித உயிரை விலையாகக் கேட்ட காலம் அது. குழந்தை ஞானஸ்நானத்தைக் காக்க முனைந்த சுவிங்கிலியும், அவர்பின் வந்த புல்லிங்கரும், ஆபிரகாமின் வீட்டுக் குழந்தைகள் விருத்தசேதனத்தால் உடன்படிக்கைக்குள் இருந்தனர், உடன்படிக்கை ஒன்றே, ஆகவே கிறித்தவர்களின் குழந்தைகளும் அதற்குள் உள்ளனர் என்று நிறுவினர். கடவுளின் உடன்படிக்கை ஒன்றே, நித்தியமானது என்னும் கருத்தைத் தலைப்பிலேயே தாங்கிய புல்லிங்கரின் நூல் 1534இல் வந்தது. கால்வினும் முற்பிதாக்களின் உடன்படிக்கை பொருளால் நம்முடையதே, நடைமுறையால் மட்டுமே வேறு என்றார்.

இக்கருத்து 1646இல் இலண்டனில் எழுதி முடிக்கப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையின் ஏழாம் அதிகாரத்தில் முழுவடிவம் பெற்றது. ஆதாமோடு கிரியைகளின் உடன்படிக்கை. அது முறிந்தபின் கிருபையின் உடன்படிக்கை. இது நியாயப்பிரமாண காலத்தில் பலிகளாலும் விருத்தசேதனத்தாலும், சுவிசேஷ காலத்தில் போதனையாலும் ஞானஸ்நானத்தாலும் திருவிருந்தாலும் நடத்தப்படுகிறது. பொருள் ஒன்று, நிருவாகம் இரண்டு. இதன்படி புதிய உடன்படிக்கை என்பது கிருபையின் உடன்படிக்கையின் புதிய நிருவாகம். அதே அதிகாரம் இவ்வுடன்படிக்கை வேதத்தில் சாசனம் என்றும் பெயர்பெறுவதை மறவாமல் குறிப்பதை நாம் இங்கே நன்றியோடு சுட்டுகிறோம்.

எதிர்த்தரப்பு எளிதாக ஒதுக்கத்தக்கதன்று. 1677இல் தம் விசுவாச அறிக்கையை வெளியிட்ட இங்கிலாந்துப் பாப்டிஸ்டுகள் வெஸ்ட்மின்ஸ்டரின் சொற்களைப் பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கொண்டவர்கள். ஆனால் இவ்வதிகாரத்தில் இரு நிருவாகங்கள் என்னும் பகுதியை விட்டுவிட்டனர். கிருபையின் உடன்படிக்கை ஆதாமுக்கு வாக்குத்தத்தமாக முதலில் வெளிப்பட்டு, படிப்படியாக விளங்கி, புதிய ஏற்பாட்டில் முழுமையாகத் துலங்கியது என்றனர். அவர்களுள் நெகேமியா காக்ஸ் 1681இல் இதனை விரித்தெழுதினார். மோசேயின் உடன்படிக்கை பற்றித் தாம் எழுதவேண்டிய தேவை நீங்கிற்று என்று அவர் கருதுமளவுக்கு, எபிரெயர் எட்டாம் அதிகாரத்திற்கு ஜான் ஓவன் எழுதிய விரிவுரை அமைந்திருந்தது. சீனாய் உடன்படிக்கை கிருபையின் உடன்படிக்கையின் வெறும் நிருவாகமன்று, அது தனியொன்று, புதியது முன்னர் வாக்காக இருந்து கிறிஸ்துவின் மரணத்தால் உடன்படிக்கையாக நிலைநாட்டப்பட்டது என்பது ஓவனின் முடிபு. சுவையான செய்தி என்னவெனில், ஓவன் இறுதிவரை குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்றவராகவே இருந்தார்.

நாம் எப்பக்கம் நிற்கிறோம்? எபிரெயர் எட்டாம் அதிகாரத்தை உள்ளபடி வாசித்தால் ஓவனின் கூற்றே வலிமையுடையதாகத் தோன்றுகிறது. ஒரே உடன்படிக்கையின் உடைமாற்றத்தைச் சொல்ல வந்த ஒருவர், முந்தியதைப்போன்றதன்று என்று தீர்க்கதரிசி கூறியதை இவ்வளவு நீளமாக எடுத்தாண்டிருக்க மாட்டார். ஆயினும் வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கை காத்துநிற்கும் உண்மையை இழக்கலாகாது. ஆபிரகாமும் தாவீதும் கிறிஸ்துவினாலன்றி வேறு வழியால் மீட்கப்பட்டவரல்லர். நானூற்று முப்பது ஆண்டுகளுக்குப்பின் வந்த நியாயப்பிரமாணம் ஆபிரகாமுக்குத் தந்த வாக்கை அழிக்கமாட்டாது என்று பவுல் கலாத்தியர்க்கு எழுதியதும் இதனாலேயே.

அங்ஙனமாயின், சாசனம் எழுதியவர் இறக்குமுன்பே பங்காளிகள் உடைமையை நுகர்ந்தது எவ்வாறு? இவ்விடுகதையை எபிரெயர் நிருபமே அவிழ்க்கிறது. மரணசாசனம் என்னும் சொல் வருவதற்கு ஒரு வசனம் முன்னே, முதலாம் உடன்படிக்கையின் காலத்தில் நடந்த மீறல்களுக்கும் இம்மரணமே மீட்பாயிற்று என்று அது கூறுகிறது. ஏழாம் அதிகாரத்திலோ இயேசு 'பிணையாளி' எனப்படுகிறார். பொய்யாப் பிணையாளி ஒருவர் கடனைத் தாம் தீர்ப்பதாகச் சொன்னால், பணம் எண்ணி வைக்கப்படும் நாளுக்கு முன்பே கடனாளி விடுவிக்கப்படலாம். முற்பிதாக்கள் அவ்வாறு விடுவிக்கப்பட்டவர்கள். எனவே, கிருபையின் உடன்படிக்கை என்று தனியொன்று மேலே நிற்க, புதிய உடன்படிக்கை அதன் கடைசிக் கிளையாகத் தொங்குவதாக எண்ண வேண்டுவதில்லை. புதிய உடன்படிக்கையே கிருபையின் உடன்படிக்கை. அதன் நிழல் முன்னோக்கி விழுந்து ஆபேல்வரை எட்டியது என்பதே நம் துணிபு.

இதனால் விளையும் பயன் ஏட்டளவினதன்று. மலேசியத் தமிழ்ச் சபைகளில் லுத்தரன், மெதடிஸ்டு, ஆங்கிலிக்கன் மரபினர் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பர். பாப்டிஸ்டு, பெந்தெகொஸ்தே மரபினர் கொடார். இரு மரபினர் சம்பந்தம் செய்துகொண்ட வீட்டில் முதற்குழந்தை பிறந்தவுடன் பாட்டியின் உள்ளத்தில் எழும் அச்சத்தைப் பலரும் அறிவர்: இக்குழந்தை உள்ளேயா, வெளியேயா? இருவரும் 'உடன்படிக்கை' என்றே பேசுவர். ஒருவர் குடும்பத்துக்கு வைத்த ஏற்பாட்டைக் கருதுவார், மற்றவர் உணர்ந்து அளிக்கும் உடன்பாட்டைக் கருதுவார். இருவேறு பொருளில் ஒரே சொல்லை வழங்கி நடக்கும் வழக்கு எந்நாளும் தீராது.

மற்றொரு பயன் தனிமனிதருக்குரியது. நோயிலோ முதுமையிலோ தாம் வாக்குத் தவறியதை எண்ணி வருந்தும் விசுவாசி, 'உடன்படிக்கை' என்னும் சொல்லைத் தற்கால ஒப்பந்தமாகவே கேட்பார்: ஒரு தரப்பு தவறினால் மறுதரப்புக்கும் கடமை இல்லை. எரேமியா முறிந்துபோனதாகச் சொன்ன உடன்படிக்கைக்குள்ளேயே அவர் தம்மைக் கொண்டுபோய் நிறுத்துகிறார். அவருக்கு 'ஏற்பாடு' என்னும் சொல்லை நினைவூட்டுவது போதகர் கடமை. ஆபிராம் உறங்கிக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

மொழிபெயர்ப்பாளர்க்கு ஒரு விண்ணப்பம். மூன்று சொற்களையும் ஒன்றாக்கிச் சீர்மை செய்யவேண்டும் என்று சிலர் கேட்கின்றனர். நாம் அதனை வேண்டோம். உடன்படிக்கை என்பதற்கு மாறாக எங்கும் ஏற்பாடு என்றே எழுதினால் சீனாய் மக்கள் வாய்திறந்து அளித்த உறுதி மறைந்துபோகும்; எங்கும் உடன்படிக்கை என்றே எழுதினால் சாசனம் எழுதியவரின் மரணம் பொருளற்றதாகும். இரண்டாம் கொரிந்தியர் மூன்றாம் அதிகாரத்திலும் எபிரெயர் ஒன்பதாம் அதிகாரத்திலும், மூலத்தில் இவை ஒரே சொல் என்பதை அறிவிக்கும் ஓர் அடிக்குறிப்பு அமையுமாயின் வாசிப்பவர் எஞ்சியதைத் தாமே கண்டுகொள்வர்.