மின்சாரம் திரும்பி வரும் வழி

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"மாணவர்களுக்குப் பயன்படுற மாதிரி ஏதாவது பேசுங்க" என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். பெரிய அறிவுரைகள் சொல்ல மேடையிலேயே என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நான் இயற்பியல் படித்தவன். ஒரு பழைய புல்லட் மோட்டார் சைக்கிளில் ஹெட்லைட் கோளாறைக் கண்டுபிடித்த விவரத்தை மட்டும் சொல்கிறேன். நம் ஆய்வகத்தில் படித்த ஓம் விதி அங்கே எப்படிக் கை கொடுத்தது என்று பாருங்கள்.

புல்லட்டைப் பற்றி நம் பக்கத்தில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் பிறந்த வண்டி அது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் அந்த ஆங்கிலக் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்க, திருவொற்றியூரில் வண்டி தயாராக ஆரம்பித்தது. பிறந்த நாட்டில் தயாரிப்பு நின்றுபோன பிறகும் நம் ஊரில் நிற்கவில்லை. 2013 முதல் ஒரகடத்திலும் தயாராகிறது. செங்கல்பட்டிலிருந்து சிங்கப்பெருமாள்கோயில் வழியாகப் போனால் எட்டிவிடும் தூரம்தான். உங்களில் சிலர் நாளை அந்தப் பக்கத் தொழிற்சாலைகளில் வேலைக்குப் போகப் போகிறவர்கள்.

நான் சொல்லும் வண்டி 6 வோல்ட் காலத்து வண்டி. அதன் சொந்தக்காரர் திருக்கழுக்குன்றத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். மகள் வீடு மாமல்லபுரத்தில். வாரம் இரண்டு முறையாவது மனைவியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போய், இருட்டிய பிறகு திரும்புவார். ஒருநாள் இரவு வளைவில் திரும்பும்போது ஹெட்லைட் மங்கி, அணைந்து, மறுபடி எரிந்தது. அந்த ஒரு நொடியில் ரோட்டில் படுத்திருந்த எருமை தெரியவில்லை. மயிரிழையில் தப்பினார்கள். "இனிமே இந்த வண்டியில ஏற மாட்டேன்" என்று அந்த அம்மா சொல்லிவிட்டார்கள்.

ஆசிரியர் சும்மா இருக்கவில்லை. பேட்டரி மாற்றினார். பல்பு மாற்றினார். ஸ்விட்ச் மாற்றினார். ஒவ்வொன்றும் மாற்றிய அன்று டவுனுக்குள் ஓட்டிப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கும். கடற்கரைப் பக்கம் போனால் பழைய குறைதான். கடைசியில் ஒருவர், "மொத்த வயரிங்கையும் பிடுங்கிப் போட்டுட்டுப் புதுசா மாத்தணும், இல்லேன்னா வித்துடுங்க" என்று சொல்லியிருக்கிறார். அந்த நிலையில்தான் எங்கள் தெரு மெக்கானிக் பாய் என்னைக் கூப்பிட்டார். "சார், நீங்க கரண்ட் படிச்சவரு. வாத்தியார் வண்டியை ஒரு தடவை வந்து பாருங்க. லைட்டு எரியுது, ஆனா வெளிச்சம் இல்ல."

நாங்கள் எந்த ஸ்பேனரையும் எடுக்கவில்லை. முதலில் ஒரு தாளில் எழுதினோம். எது நன்றாக வேலை செய்கிறது, எது செய்யவில்லை?

இஞ்சின் தடுமாறாமல் ஓடுகிறது. ஆகவே பேட்டரியிலிருந்து சாவி ஸ்விட்ச் வரைக்கும் கோளாறு இல்லை. பின்விளக்கு பளிச்சென்று எரிகிறது. அதற்கும் ஹெட்லைட்டுக்கும் ஒரே லைட் ஸ்விட்ச்தான். எனவே அந்த ஸ்விட்ச் மேலும் பழி இல்லை. ஹெட்லைட் டிம்மிலும் பிரைட்டிலும் ஒரே மாதிரி மங்குகிறது. ஆக, டிம்மர் ஸ்விட்ச்சைச் சந்தேகப்படவும் காரணம் குறைவு. பாய் ஹார்ன் பட்டனை அழுத்தினார். சளி பிடித்த குரலில் முனகியது. "ஹாரனு ரொம்ப நாளாவே இப்படித்தான்" என்றார் ஆசிரியர். அதை யாரும் கோளாறில் சேர்க்கவே இல்லை!

இப்போது கேள்வி சுருங்கிவிட்டது. ஹெட்லைட்டுக்கும் ஹார்னுக்கும் பொதுவாக இருப்பது, ஆனால் பின்விளக்குக்கும் இஞ்சினுக்கும் இல்லாதது எது?

மின்சாரம் போகிற வழியில் அப்படி எதுவும் இல்லை. திரும்பி வருகிற வழியில் இருக்கிறது. மாணவர்களே, மின்சுற்று என்றால் போவதும் வருவதும் சேர்ந்ததுதான். 1838-இல் ஜெர்மனியில் ஸ்டைன்ஹைல் என்ற அறிஞர், தந்திக்கு இரண்டாவது கம்பி வேண்டாம், பூமியே அந்த வேலையைச் செய்யும் என்று கண்டார். வண்டிகளிலும் அதே சிக்கனம்தான். போவதற்கு வயர். திரும்புவதற்கு வண்டியின் இரும்புச் சட்டமே போதும். இங்கே மண்ணோடு சம்பந்தமே இல்லை, ஆனாலும் எர்த் என்றுதான் சொல்கிறோம்.

இந்த வண்டியில் ஹெட்லைட் கூடு, ஹேண்டில்பார், ஹார்ன் பட்டன் மூன்றும் ஃபோர்க்கோடு சேர்ந்தவை. ஃபோர்க் சட்டத்தைத் தொடும் இடம் கோன் செட் மட்டும். கிரீஸில் மிதக்கும் சின்னச் சின்ன எஃகுக் குண்டுகள். ஹெட்லைட்டுக்குப் போன மின்சாரம் முழுவதும் அந்தக் குண்டுகள் வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். கிரீஸ் மின்சாரத்தை விடாது. குண்டின் மேல் துரு ஏறினால் அதுவும் விடாது. ஹேண்டிலைத் திருப்பும்போது குண்டு உருண்டு இடம் மாறும். தொடர்பு வரும், போகும். வளைவில் விளக்கு அணைந்ததன் ரகசியம் இதுதான்.

சரி, ஊகம் ஆயிற்று. நிரூபிக்க வேண்டாமா? பாய் மல்டிமீட்டரில் ஓம் பக்கம் வைத்து ஹேண்டிலுக்கும் சட்டத்துக்கும் இடையே பார்த்தார். "பீப்" என்றது. "தொடர்பு நல்லாத்தானே இருக்கு சார்!" என்றார். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். மீட்டர் அனுப்புவது மிகச் சிறிய மின்னோட்டம். அதற்கு ஒற்றையடிப் பாதை போதும். ஹெட்லைட்டுக்கு நெடுஞ்சாலை வேண்டும். ஆகவே இஞ்சினை நிறுத்திவிட்டு, ஹெட்லைட்டை எரிய விட்டு, மீட்டரை வோல்ட் பக்கம் மாற்றி, ஒரு முனையை ஹெட்லைட் கூட்டிலும் மறுமுனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும் வைத்தோம். நியாயமாகப் பார்த்தால் ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். 1.2 வோல்ட் காட்டியது. ஹேண்டிலை இடது பக்கம் திருப்பினால் 2-ஐத் தாண்டியது.

இனி ஓம் 1827-இல் வெளியிட்ட விதியைப் போடுங்கள். 6 வோல்ட்டில் 30 வாட் பல்பு என்றால் 5 ஆம்பியர், மின்தடை 1.2 ஓம். கணக்குக்காக அது மாறாது என்று வைத்துக்கொள்வோம். கோன் செட்டில் வெறும் 0.3 ஓம் சேர்ந்தால் மொத்தம் 1.5 ஓம். மின்னோட்டம் 4 ஆம்பியர். பல்புக்குக் கிடைப்பது 4.8 வோல்ட். 30 வாட் சுமார் 19 வாட் ஆகிவிடும். வெளிச்சம் அதைவிட வேகமாகக் குறைந்து பாதிக்கு வந்துவிடும். இதே 0.3 ஓம் 12 வோல்ட் வண்டியில் இருந்தால் இழப்பு சுமார் 0.7 வோல்ட்தான். நூற்றுக்கு ஆறு பங்கு. 6 வோல்ட் வண்டியில் நூற்றுக்கு இருபது! பழைய வண்டிகளில் எர்த் ஏன் உயிர்நாடி என்பது இந்த ஒரு கணக்கில் தெரிந்துவிடும்.

டவுனில் ஏன் குறை தெரியவில்லை? தெருவிளக்கு மறைத்துவிட்டது. கும்மிருட்டு ரோட்டுக்குப் போனதும் வெளிப்பட்டது. கடற்கரைக்கும் இதில் பங்கு உண்டு. உப்புக் காற்று ஈரத்தை இழுத்துத் துருவை வேகப்படுத்தும், தாமிரத்தில் பச்சைக் களிம்பு ஏற்றும். பல்லவர் கருங்கல்லில் கட்டிய கடற்கரைக் கோயில் சிற்பங்களையே அந்தக் காற்று தேய்த்திருக்கிறது. குண்டு எம்மாத்திரம்? காரைக்குடியில் 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் மண்டபம் கடற்கரையில் ஓர் ஆய்வு மையம் வைத்து இந்த அரிப்பைப் பற்றி ஆராய்கிறது. ஆர்வமுள்ள மாணவர்கள் அந்தத் துறையையும் நினைவில் வையுங்கள்.

வைத்தியம் மிக எளிது. இரண்டு முழம் கனமான தாமிர வயர். ஒரு முனையை ஹெட்லைட் கூட்டின் திருகிலும், மறுமுனையைப் பேட்டரியின் எர்த் போல்ட்டிலும் மாட்டினோம். மாட்டும் இடங்களை உப்புத்தாள் போட்டுப் பளபளக்கத் தேய்த்து, முடுக்கிய பின் வாசலின் தடவினோம். ஹேண்டில் இரண்டு பக்கமும் முழுதாகத் திரும்பினாலும் இழுபடாதபடி வயரைத் தொளதொளப்பாக விட்டோம். மறுபடி மீட்டர் வைத்தால் 0.1 வோல்ட். பாய் ஹார்னை அழுத்தினார். எதிர்க் கடைக்காரர் திடுக்கிட்டு எழுந்து நின்றார்! செலவு? டீ, வடைக் காசுதான். எய்தவன் இருக்க அம்பை நொந்த கதையாக, அதற்கு முன் மாற்றிய பேட்டரிக்கும் பல்புக்கும் ஆன செலவுதான் பெரிது.

"இதெல்லாம் பழைய வண்டிக் கதை, இப்போ எல்லாம் கம்ப்யூட்டர் ஆச்சே" என்று பின் பெஞ்சில் முணுமுணுப்பது கேட்கிறது. உண்மைதான். 2017 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான இருசக்கர வண்டிகளில் ஹெட்லைட் எப்போதும் எரியும். 2020-இல் பி.எஸ். 6 வந்த பிறகு புல்லட்டுக்கும் கார்புரேட்டர் போய், எலெக்ட்ரானிக் எரிபொருள் செலுத்தி வந்துவிட்டது. ஆனால் அந்தக் கம்ப்யூட்டரின் சென்சார்கள் பல 5 வோல்ட் கணக்கில் பேசுபவை. எர்த்தில் 0.3 வோல்ட் தொலைந்தால் அது தப்பான சேதியை நம்பி இஞ்சினை நடத்தும். வண்டி புதுசு, விதி பழசுதான்.

ஆகவே மாணவச் செல்வங்களே, எந்த இயந்திரத்தின் முன் நின்றாலும் மூன்று காரியம் செய்யுங்கள். எது வேலை செய்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பாரம் ஏற்றிய நிலையில் அளந்து பாருங்கள். போகிற வழியைப் பார்த்த கண்ணால் திரும்புகிற வழியையும் பாருங்கள். அதன் பிறகு பொருளை மாற்றலாம். பையில் ஒரு மீட்டர் இருந்தால் போதும். நம் ஆய்வகத்தில் அதைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்த ஆசிரியர்கள் இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு என் நன்றி.

அந்த ஆசிரியர் வண்டியை விற்கவில்லை. முதல் வாரம் தனியாகத்தான் போனார். இரண்டாம் வாரம் அந்த அம்மாவும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள்.