நின்றதெல்லாம் சேர்ந்ததாகாது
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



எனக்குச் சொந்த ஊர் நெமிலி. "என்னப்பா ஆராய்ச்சி பண்றே?" என்று ஊரில் கேட்டால் ஏரிக்கரையைக் காட்டுவேன். ஒருவன் ரோட்டை விட்டு இறங்கக்கூடாது. இன்னொருவன் கரையை விட்டு இறங்கக்கூடாது. மாறி மாறி, மற்றவனுக்கு மிக அருகிலுள்ள இடத்துக்கு நகர வேண்டும். இரண்டும் நேராக இருந்தால், வெட்டுமிடத்தில் சந்தித்துவிடுவார்கள்.

சிக்கலை இரண்டாகப் பிரித்து மாறி மாறித் தீர்க்கும் இத்தகைய முறை ஒன்றை 1956இல் டக்ளஸும் ராக்ஃபோர்டும் வெப்பக் கணக்குக்காகத் தந்தார்கள். ஓரியல்பு இருந்து, விடையும் இருந்தால் அது விடையில் சேரும் என்று 1979இல் லயன்ஸும் மெர்சியேயும் நிரூபித்தார்கள்.

ஓரியல்பு இல்லாவிட்டால்? கரை நடுவில் ரோட்டுப் பக்கம் புடைத்திருந்தால், இருவரும் அங்கேயே எதிரெதிராக நின்றுவிடலாம். சந்திக்கும் இடமோ இன்னும் தள்ளி இருக்கும்!

நானும் அப்படி ஏமாந்தவன்தான். எண் மாறாமல் நின்றதும் விடை வந்தாச்சு என்று எழுதிவிட்டேன். மூலச் சமன்பாட்டில் போட்டால் பொருந்தவில்லை. ஆறு மாத உழைப்பு போச்சு.

தோல் ஷெட்டில் வேலை பார்த்த அப்பா சொன்னார்: "மேலே பார்த்தா பதமாத்தான் தெரியும். ஓரத்தை வெட்டிப் பாருடா, உள்ளே ஏறியிருக்கான்னு."

கரை ஓரளவு ஒழுங்காக இருந்து, ரோட்டைக் கோணத்தோடு வெட்டி, விடைக்கு அருகிலேயே தொடங்கினால் சேரும் என்று 2009இல் லூயிஸ், லூக், மாலிக் மூவரும் காட்டினார்கள். மற்றபடி, மாணவர்களே, ஓரத்தை வெட்டிப் பாருங்கள்!