வீணையைப் படைக்கும் கரங்கள்

(நவராத்திரி விழாவின் ஒன்பதாம் நாளன்று நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நவராத்திரியின் ஒன்பதாம் நாளில் கலைமகளுக்கும் கருவிகளுக்கும் ஒருசேர வழிபாடு நிகழ்கின்றது. ஏடும் எழுதுகோலும் வைக்கப்படும் அதே பீடத்தில் உளியும் சுத்தியலும் சந்தனப் பொட்டுடன் வீற்றிருக்கின்றன. கல்வி வேறு, கைத்தொழில் வேறு என்று முன்னோர் பிரித்துப் பார்க்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. அன்னையின் மடியில் விளங்கும் வீணையே இவ்வுண்மைக்குத் தக்க விளக்கமாகும். வீணையை மீட்டுவோரின் பெயரை உலகம் அறியும். அதனைச் செய்தவரின் பெயரையோ, அவ்வீணைக்கு உரியவரே பெரும்பாலும் அறியார். பெயர் தெரியாத அக்கரங்களின் தொழிலைப் பற்றியும், அவை ஓய்ந்துவிட்டால் நேரக்கூடிய இழப்பைப் பற்றியும் சிந்திப்பதே இவ்வுரையின் நோக்கம்.

யாழ் புகட்டும் பாடம்

திருஞானசம்பந்தப் பெருமானின் பதிகங்களை யாழில் இட்டு வாசித்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். பதிகங்களின் சிறப்புக்கு யாழே காரணம் என உறவினர் கூறக் கேட்டு உள்ளம் நொந்த பாணர், யாழில் அடங்காத பதிகம் ஒன்றைப் பாடியருளுமாறு பிள்ளையாரை வேண்டினார். தருமபுரத்தில் அப்பதிகம் பிறந்தது. அதனை வாசிக்க இயலாத பாணர் யாழை உடைக்க ஓங்கினார். சம்பந்தப் பெருமான் அதனைத் தடுத்து, கருவியில் அடங்குமளவு வாசித்தலே போதும் என அருளினார் என்பது பெரியபுராணம் உரைக்கும் வரலாறு.

அன்று உடையாமல் காக்கப்பட்ட அந்த யாழ் இன்று எங்கே? இருபத்தொரு நரம்புடைய பேரியாழும், பதினான்கு நரம்புடைய சகோடயாழும், ஏழு நரம்புடைய செங்கோட்டியாழும் உரைநூல்களில் பெயரளவில் வாழ்கின்றன. பதிகங்கள் ஓதுவார் நாவில் நிலைத்தன. இலக்கியம் ஏட்டில் நிலைத்தது. யாழ் மட்டும் மறைந்தது. அதனைச் செய்யும் கைகளும், நரம்பு கட்டும் செவிகளும் ஒரு தலைமுறையிலிருந்து மறு தலைமுறைக்குச் செல்லாமல் நின்றுபோயின. ஈழத்தில் தோன்றிய விபுலாநந்த அடிகள், இலக்கியச் சான்றுகளையும் கணித முறையையும் துணைக்கொண்டு பல்லாண்டுகள் ஆராய்ந்தே யாழின் அமைப்பை மீட்டுரைக்க வேண்டியிருந்தது. அவருடைய யாழ்நூல் 1947ஆம் ஆண்டு திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. நூலால் அறிவை மீட்கலாம். ஆனால் அறுந்த கைப்பழக்கத்தை மீட்பது அரிது. யாழ் புகட்டும் பாடம் இதுவே.

இருபத்து நான்கு மெட்டுகள்

இன்று வழங்கும் சரசுவதி வீணையின் அமைப்பு, 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்தில் நிலைபெற்றதாக இசை வரலாறு கூறும். அதற்கு முன்னர், வாசிக்கும் இராகத்திற்கேற்ப மெட்டுகளை நகர்த்திக்கொள்ளும் வீணைகளும் வழக்கில் இருந்தன. இருபத்து நான்கு மெட்டுகளும் நிலையாக அமைந்த பின்னர், எந்த இராகத்தையும் ஒரே அமைப்பில் வாசிக்க வழி பிறந்தது. அம்மன்னரின் அமைச்சர் கோவிந்த தீட்சிதர். அவருடைய மைந்தர் வேங்கடமகி, எழுபத்திரண்டு மேளங்களை வகுத்துச் சதுர்தண்டிப் பிரகாசிகை என்னும் நூலை இயற்றினார்.

வீணையில் தந்திகள் ஏழு. சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம் என்னும் நான்கும் மெட்டுகளின்மேல் செல்பவை. எஞ்சிய மூன்றும் பக்கத்தில் அமைந்து தாளத்திற்கும் சுருதிக்கும் துணை நிற்பவை. மூன்றரை ஸ்தாயி அளவிற்கு இசை எழுப்ப வல்லது இக்கருவி.

பலாமரத்தின் பெருமை

தஞ்சை வீணைக்குரிய மரம் பலா. இந்நாட்டில் கம்பத்து வீடுகளின் முற்றங்களில் நங்கா என்ற பெயருடன் நிற்கும் அதே மரம்தான். தஞ்சைக் கலைஞர்கள் பண்ருட்டிப் பகுதியிலிருந்து தேர்ந்த பலாமரங்களைத் தருவிக்கின்றனர். நன்கு முற்றிய மரமாதல் வேண்டும். இளமரம் உலரும்போது முறுக்கிக்கொள்ளும், வெடிப்பும் காணும். முற்றிய பலாவின் வைரமோ பொன்னிறம் உடையது. கறையானுக்கு எளிதில் இரையாகாதது. உளிக்கு இசைந்து கொடுப்பது. தட்டினால் கணீரென ஒலிப்பது.

குடமும் தண்டியும் யாளிமுகத் தலைப்பகுதியும் ஒரே மரத்துண்டில் குடைந்தெடுக்கப்பட்டால் அது ஏகாண்ட வீணை எனப்படும். ஏகாந்த வீணை என்றும் இதனை வழங்குவர். பகுதிகளைத் தனித்தனியே செய்து பொருத்தினால் அது ஒட்டு வீணை. ஒரே மரத்தில் செய்வதற்குப் பெரிய மரமும் பெரிய பொறுமையும் வேண்டும். கடைசி நாளில் ஓர் உளி தவறினும் முழு மரமும் வீணாகும்.

பட்டறையில் நிகழும் தவம்

பட்டறையில் காணப்படும் கருவிகள் மிக எளியவை. வாய்ச்சி, கொட்டாப்புளி, பட்டை உளி, வளைந்த வாயுடைய நகவுளி, இழைப்புளி, அரம், துரப்பணம், கவராயம், மூலைமட்டம் ஆகியவையே அவை. அறுப்பதற்கும் கடைவதற்கும் இன்று மின்பொறி துணை செய்கின்றது. எனினும் குடத்தைக் குடையும் பணியில் கையின் ஆட்சியே இன்றும் நிலவுகின்றது.

முதலில் மரத்தை வாய்ச்சியால் செதுக்கிக் குடத்தின் புறவடிவைக் கொணர்வர். பின்னர் உட்புறத்தை நகவுளியால் சிறிது சிறிதாகக் குடைவர். சுவர் தடித்திருந்தால் நாதம் உள்ளேயே அடங்கிவிடும். மிக மெலிந்தாலோ ஒலி பெரிதாகித் தோன்றி உடனே மறையும். மரமும் தந்தியின் இழுவிசையைத் தாங்காது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட அளவை அறிய, கலைஞர் விரலால் குடத்தைத் தட்டித் தட்டிக் கேட்பார். கேட்டபின் மீண்டும் ஓரிழை செதுக்குவார். கண்ணால் அளக்க இயலாததைச் செவியால் அளக்கும் தொழில் இது.

குடத்தின் வாய் மெல்லிய பலகையால் மூடப்படும். அப்பலகையின்மேல் குதிரை நிற்கும். மரத்தாலான குதிரையின் தலையில் உலோகத் தகடு ஒன்று பதிக்கப்படும். அத்தகடு சமதளமானதன்று, கண்ணுக்குப் புலப்படாத அளவில் சற்றே வளைந்தது. அதிரும் தந்தி அவ்வளைவை மெல்லத் தீண்டிச் செல்வதனால்தான் வீணைக்கே உரிய நீண்ட கார்வை பிறக்கின்றது. அரம் ஓரிரு முறை மிகுதியாகச் சென்றாலும் தந்தி இரையும். போதாவிடில் ஒலி மழுங்கும். பல நாள் உழைப்பில் உருவான குடத்தின் நாதம் முழுவதும் ஒரு சிறு தகட்டின் வளைவில் தங்கியிருக்கின்றது.

பொதுவாக ஒருவரே தொடக்கம் முதல் இறுதிவரை எல்லாப் பணியையும் செய்வதில்லை. குடைபவர் ஒருவர், யாளி முகமும் பூவேலையும் செதுக்குபவர் மற்றொருவர், தந்தி பூட்டிச் சுரம் கூட்டுபவர் வேறொருவர். பல கைகள் கூடி ஒரு குரலை உண்டாக்குகின்றன.

மேளம் கட்டுதல்

இத்தொழிலின் சிகரம் மேளம் கட்டுதல் ஆகும். தேன்மெழுகை உருக்கிக் கரித்தூள் கலந்து, தண்டியின் இருமருங்கிலும் கரைபோல் அமைப்பர். வளைந்த மேற்புறமுடைய பித்தளை அல்லது வெண்கல மெட்டுகளை அம்மெழுகுக் கரைகளின்மேல் குறுக்கே ஒவ்வொன்றாக அமர்த்துவர். ஆணியும் பசையும் இன்றி மெழுகிலேயே மெட்டுகள் நிற்கின்றன.

மெட்டுகளுக்குரிய இடங்களைக் கணக்கால் கூறிவிடலாம். மேருவிலிருந்து குதிரை வரையுள்ள தந்தியின் நீளத்தில் சரிபாதி ஒலித்தால் மேல் ஷட்ஜம். மூன்றில் இரண்டு பங்கு ஒலித்தால் பஞ்சமம். நான்கில் மூன்று பங்கு ஒலித்தால் சுத்த மத்திமம். ஆயினும் கணக்கு மட்டும் போதாது. விரலால் தந்தியை அழுத்தும்போது அதன் இறுக்கம் சற்றே கூடுகின்றது. அதனால் சுரமும் சற்றே உயர்கின்றது. அவ்வுயர்வை ஈடுசெய்ய, மெட்டை மேருவின் பக்கமாக ஒரு நூலளவு நகர்த்த வேண்டும். எவ்வளவு என்பதைச் செவியே தீர்மானிக்கும். மேலும் ஒரே மெட்டு நான்கு தந்திகளுக்கும் பொருந்த வேண்டும். ஒரு மெட்டு சற்று உயர்ந்து நின்றால், அதற்கு முந்திய மெட்டில் வாசிக்கும்போது தந்தி அதன்மேல் உரசி இரையும். இவ்வாறு இருபத்து நான்கு மெட்டுகளையும் நான்கு தந்திகளோடு ஒப்பிட்டுச் சரிசெய்யும் வேளையில் பட்டறையில் பேச்சு நின்றுவிடும்.

மெழுகு ஏன் என்று கேட்கலாம். செவி காட்டிய இடத்திற்கு மெட்டை நகர்த்த இடம் கொடுப்பது மெழுகு. அதே நெகிழ்ச்சியே அதன் குறையுமாகும். வெப்பத்தால் மெழுகு இளகும். விரலின் அழுத்தத்தால் மெட்டு அசையும். காலப்போக்கில் சுரம் பிசகும். ஆகவே மேளத்தை அவ்வப்போது புதிதாகக் கட்டியே ஆகவேண்டும். வீணை ஒருமுறை செய்து முடிக்கப்படும் பொருளன்று. தன்னைச் செய்த கையை மீண்டும் மீண்டும் நாடும் பொருளாகும். வீணையை விலை கொடுத்து வாங்கலாம். மேளம் கட்டும் செவியை அவ்வாறு வாங்கிவிட இயலாது.

காலம் கொணர்ந்த மாற்றங்கள்

முற்காலத்தில் வீணையின் விளிம்புகளை யானைத்தந்தமும் மான்கொம்பும் அணிசெய்தன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன்பின் வந்த திருத்தங்களும் இந்தியாவில் அவ்வழக்கத்தை முடித்துவைத்தன. இன்று பிளாஸ்டிக் தகடுகளே அவ்விடத்தைப் பெற்றுள்ளன. உயிர்களைக் காக்கும் இம்மாற்றம் வரவேற்கத்தக்கதே; நாதத்திற்கும் அதனால் குறைவில்லை. தண்டியின் மேற்பகுதியைத் தாங்கும் சுரைக்குடுக்கைக்குப் பதிலாகக் காகிதக்கூழாலும் கண்ணாடியிழையாலும் செய்த குடுக்கைகள் வந்துள்ளன. நழுவும் மரப் பிரடைகளுக்குப் பதிலாகக் கித்தாரில் உள்ளவை போன்ற திருகுகளைச் சிலர் பொருத்துகின்றனர். மெழுகின்றி நிலையாகப் பொருத்திய மெட்டுகளும், மின்னணு வீணைகளும் வழக்கிற்கு வந்துவிட்டன.

பொருள் மாறுவதில் அஞ்சத்தக்கது ஒன்றுமில்லை. அஞ்சத்தக்கது கை குறைவதே. 2013ஆம் ஆண்டு தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அது பெயருக்குக் காவல். தொழிலாளியின் வயிற்றுக்குக் காவலாவதில்லை. நல்ல பலாமரத்தின் விலை ஏறுகின்றது. உழைப்பிற்கேற்ற வருவாய் வருவதில்லை. தந்தையின் பட்டறையில் உளி பிடிக்க வேண்டிய மகன் வேறு வேலை தேடிச் செல்கின்றான். அவனைக் குறைகூறுவது முறையன்று. கலையைப் போற்றிக் கலைஞனை மறந்த சமுதாயமே அதற்கு விடை கூறக் கடமைப்பட்டுள்ளது.

இந்நாடுகளில் வீணை

சிங்கப்பூரில் 1949ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இந்திய நுண்கலைக் கழகமும், மலேசியாவில் 1981ஆம் ஆண்டு தோன்றிய நுண்கலைக் கோயிலும் வீணைக் கல்வியைப் பேணி வளர்த்துள்ளன. இல்லங்களிலும் ஆலயங்களிலும் வீணைகள் உள்ளன. ஆனால் அவற்றுள் சில கொலுவில் அலங்காரப் பொருளாக மட்டுமே அமர்கின்றன. மேளம் தளர்ந்து, தந்தி துருவேறி, பேச இயலாத நிலையில் அவை இருக்கின்றன. இங்கு மேளம் கட்டத் தெரிந்தவர் அரியர் என்பதே காரணம்.

ஈரப்பதம் மிகுந்த இத்தட்பவெப்பத்தில் வீணையைக் காப்பதற்குச் சில எளிய முறைகள் உண்டு. வெயிலில் நிறுத்திய வாகனத்துள் வீணையை விட்டுச் செல்லலாகாது. ஒரு பிற்பகலே மெழுகை இளகச் செய்துவிடும். குளிரூட்டியின் காற்று நேரே படும் இடத்திலும் வைத்தல் ஆகாது. மரம் திடீரென உலர்ந்து வெடிக்கக்கூடும். வாசித்து முடித்தபின் தந்திகளை உலர்ந்த துணியால் துடைத்தல் வேண்டும். இவையனைத்தினும் மேலாக, வீணை நாள்தோறும் வாசிக்கப்பட வேண்டும். வாசிக்கப்படும் வீணையின் குறை உடனே தெரியும். உறையிட்ட வீணையின் குறை யாருக்கும் தெரியாது.

ஆலயங்களும் இதில் ஆற்றத்தக்க பணி உண்டு. ஒரு வட்டாரத்திலுள்ள வீணைகளை ஓரிடத்தில் சேர்த்து, தேர்ந்த கலைஞரைத் தஞ்சையிலிருந்து வரவழைத்து மேளம் கட்டச் செய்யலாம். அச்சமயம் மரவேலையில் ஆர்வமும் இசைச் செவியும் உடைய இளைஞர் ஓரிருவரை அவர் அருகில் அமர்த்தலாம். ஒரே வருகையில் அவர்கள் வல்லுநராகிவிடார். எனினும் ஒரு மெட்டைத் திருத்தி அமர்த்தக் கற்றாலும் அது தொடக்கமே. வீணை வாங்குவோர் செய்தவரின் பெயரைக் கேட்டு, அதனைக் குறித்து வைத்தலும் நன்று. கேட்கப்படும் பெயர் மறக்கப்படுவதில்லை.

சம்பந்தப் பெருமான் யாழை உடையாமல் காத்தார். பின்வந்த தலைமுறைகள் அதனைச் செய்யும் கைகளைக் காக்கத் தவறின. வீணைக்கு அந்நிலை இன்னும் வரவில்லை. வராமல் தடுக்கக் காலமும் இருக்கின்றது. இன்று பீடத்தில் அன்னையின் திருமுன் வைக்கப்பட்டுள்ள உளிக்குச் சாத்தப்படும் மலர், அவ்வுளியைப் பிடிக்கும் கரத்தையும் சென்று சேர்வதாக. கலைமகளின் திருவருளால் இல்லந்தோறும் வீணை ஒலிக்கட்டும். அதனைப் படைக்கும் கரங்கள் வாழையடி வாழையாய்த் தழைக்கட்டும்.