பெயர் இருக்கிறது, நிறம் எங்கே?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

"இங்கிலாந்தில் என்னப்பா வேலை?" என்று நேற்றிலிருந்து பலரும் கேட்டுவிட்டீர்கள். கோவென்ட்ரி பக்கம், பழைய கார்களைப் புதுப்பிக்கும் பட்டறையில் பெயிண்ட் கலக்குகிறேன். "கெமிக்கல் இன்ஜினியரிங் படித்துவிட்டு இதுதானா?" என்று ஒரு நண்பர் சிரித்தார். அவர் புண்ணியத்தில் பேசுவதற்கு ஒரு தலைப்பு கிடைத்தது.

ஜாகுவார் இ-டைப் என்ற கார் 1961 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமாகி, 1974 வரை கோவென்ட்ரியில் தயாரானது. அறுபதுகளில் அதற்கு 'ஓபலசென்ட் சில்வர் புளூ' என்று ஒரு மெட்டாலிக் நிறம் உண்டு. ஒரு வண்டிக்கு முதலில் என்ன நிறம் அடித்தார்கள் என்று கண்டுபிடிப்பதில் சிரமமில்லை. ஜாகுவாரின் பாரம்பரிய அறக்கட்டளை பழைய பதிவேட்டைப் பார்த்துச் சான்றிதழே தருகிறது. அதில் நிறத்தின் பெயர் இருக்கும். ஆனால் பெயரை ஸ்ப்ரே கன்னில் ஊற்றி அடிக்க முடியாதே!

சாதா சிவப்பு, சாதா வெள்ளை என்றால் எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ஒரே நிறம். மெட்டாலிக் அப்படியில்லை. நம்ம வீட்டுப் பெண்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மயில்கழுத்துப் பட்டுப்புடவையில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். மடிப்பு திரும்பினால் நிறமும் திரும்பும். மெட்டாலிக் பெயிண்டில் இந்த வேலையைச் செய்வது அலுமினியத் துகள். நெல்லை இடித்து அவல் ஆக்குவது போல, அலுமினியத்தை உருளும் ஆலையில் குண்டுகளோடு போட்டுத் தட்டையாக்குகிறார்கள். ஒவ்வொரு துகளும் ஒரு குட்டிக் கண்ணாடி. அவை படுத்திருந்தால் நேர்ப் பார்வைக்கு வெளிச்சம், சாய்ந்த பார்வைக்கு இருட்டு. தாறுமாறாக நின்றால் அந்த வித்தியாசம் மங்கிவிடும்.

சிக்கல் எங்கே வருகிறது? பழைய கலவைக் குறிப்புகள் சில இன்னும் கிடைக்கின்றன. அவற்றில் இருப்பது அந்தந்தக் கம்பெனியின் சாய எண்கள். அந்தச் சாயங்களில் பல இன்று இல்லை. ஈயம் கலந்த மஞ்சள்கள் நச்சு என்பதால் ஒதுக்கப்பட்டன. நீலத்தில் அவ்வளவு கஷ்டமில்லை, 1935-இல் ஐ.சி.ஐ. 'மோனாஸ்ட்ரல்' என்று விற்பனைக்குக் கொண்டுவந்த தாலோசயனின் நீலம் இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது. கஷ்டம் அலுமினியத்தில்தான். பழைய துகள்கள் அவல் போலவே ஓரம் பிய்ந்தவை. பின்னாளில் வந்தவை நாணயம் போல வட்டமானவை, வழவழப்பானவை, கூடுதலாக மின்னுபவை. நீலத்தைச் சரியாகப் போட்டு, புதுத் துகளைக் கலந்தால் பழைய கார் நேற்று ஷோரூமிலிருந்து வந்த கார் மாதிரி ஆகிவிடும். அழகாக இருக்கும், ஆனால் அது அந்தக் கார் இல்லை.

அதற்கு மேல் சட்டம். காற்றில் கலக்கும் கரைப்பான் ஆவியைக் குறைக்க ஐரோப்பிய ஒன்றியம் 2004-இல் ஓர் ஆணை பிறப்பித்தது. 2007 ஜனவரி முதல், பட்டறையில் அடிக்கும் மேற்பூச்சில் லிட்டருக்கு 420 கிராமுக்கு மேல் அந்தக் கரைப்பான் இருக்கக்கூடாது. பழைய செல்லுலோஸ் பெயிண்ட் இந்த வரம்புக்குள் அடங்காது. வரலாற்று மதிப்புள்ள பழைய வாகனங்களுக்கு மட்டும் உரிமத்தின் பேரில் கொஞ்சம் விற்க, உறுப்பு நாடுகளுக்கு அந்த ஆணையே இடம் விட்டது. சட்டம் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். அந்த ஆவியைச் சுவாசித்தவர்களை எனக்குத் தெரியும்.

இனி ஒரு வண்டியின் கதை. சில வருஷங்களுக்கு முன் ஒரு பெரியவர் தன் தகப்பனார் வாங்கிய இ-டைப்பைக் கொண்டுவந்தார். சான்றிதழில் சில்வர் புளூ. வண்டியிலோ பெயிண்டே இல்லை! அதற்கு முன் வேலை எடுத்த ஒரு பட்டறையில் தகரம் தெரிய முழுக்கச் சுரண்டி வைத்திருந்தார்கள். கையில் ஒரு பழைய கலர் போட்டோ. போட்டோவே வெளுத்துப் போயிருந்தது. அதை எப்படி நம்புவது? மூன்று நாள் தேடினோம். டேஷ்போர்டுக்குப் பின்னால், ஒயர் கட்டுக்கு அடியில், தீப்பெட்டி அளவுக்குப் பழைய பெயிண்ட் ஒட்டிக்கொண்டிருந்தது. எங்களுக்கு அது புதையல்.

அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. உள்பக்கங்களில் மேலோட்டமாகத்தான் அடித்திருப்பார்கள். மெதுவாகப் பாலிஷ் போட்டு, ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில் 15, 45, 110 டிகிரி என்று மூன்று கோணத்தில் அளந்தோம். பூதக்கண்ணாடியில் துகளின் பருமனைப் பார்த்தோம். பிறகு புடவைக் கடையில் வாசலுக்கு எடுத்துட்டு வந்து பார்ப்பார்களே, அதே மாதிரி வெயிலில், நிழலில், டியூப்லைட்டில் என்று ஒப்பிட்டோம். டியூப்லைட்டில் ஒத்துப்போகிற நிறம் வெயிலில் காட்டிக்கொடுத்துவிடும்.

கலவை தயாரானதும் எங்கள் மூத்த பெயிண்டர் ஒரே டப்பாவிலிருந்து மூன்று தகடுகள் அடித்தார். ஒன்று ஈரமாக, ஒன்று நடுத்தரமாக, ஒன்று கன்னைத் தள்ளிப் பிடித்து உலர்வாக. ஈரமாக அடித்தால் துகள்கள் மூழ்கித் திசைமாறும், நிறம் கறுக்கும். உலர்வாக அடித்தால் மேலேயே தட்டையாகப் படுக்கும், நிறம் வெளுக்கும். தின்னர் சீக்கிரம் காய்ந்தாலும் வெளுப்பு, மெதுவாகக் காய்ந்தால் கறுப்பு. பெரியவர் மூன்றையும் பார்த்துவிட்டு, "எதில் என்ன சாயம் கூட்டினீர்கள்?" என்று கேட்டார். எதிலும் ஒன்றும் கூட்டவில்லை. கைதான் மாறியது.

அவருக்கு மிகவும் மின்னிய தகடுதான் பிடித்தது. "அப்பா வண்டி இப்படித்தான் ஜொலிக்கும்" என்றார். தீப்பெட்டி அளவுத் துண்டோடு ஒத்துப்போனதோ நடுத்தரமாக அடித்த தகடு. பணம் கொடுப்பவர் அவர், அப்பாவும் அவருடையவர். நாங்கள் வற்புறுத்தவில்லை. இரண்டையும் வெயிலில் அந்தத் துண்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்தபோது நடுத்தரத் தகட்டைக் கையில் வைத்திருந்தார். "இவ்வளவு அடக்கமாகவா இருந்தது?" என்று மட்டும் கேட்டார்.

எங்கள் பெயிண்டர் அடுத்த வருஷம் ஓய்வு பெற்றார். அந்தத் தகடுகளின் பின்பக்கத்தில் கன்னின் தூரம், காற்றழுத்தம், தின்னர், எத்தனை கோட் என்று எல்லாவற்றையும் அவர் வாயால் சொல்லச் சொல்லி எழுதி வைத்திருக்கிறோம். எண்களைப் புத்தகத்தில் தேடிக்கொள்ளலாம். கையின் வேகத்தை யார் எழுதி வைத்தார்கள்?

ஆகவே நண்பர்களே, நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். அப்பா ஓட்டிய கார், தாத்தாவின் ஸ்கூட்டர் என்று உங்களில் பலர் வீட்டில் இருக்கும். புதுசாக்க ஆசை வரும், வரட்டும். ஆனால் டிங்கரிங் பட்டறைக்கு விடுமுன், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் உள்ளங்கை அகலம் பழைய பெயிண்டைத் தொடாமல் விடச் சொல்லுங்கள். அதன் மேல் டேப் ஒட்டி, "சுரண்டாதே" என்று எழுதிவிடுங்கள். அந்த உள்ளங்கை அகலம் இருந்தால், ஐம்பது வருஷம் கழித்தும் என்னைப் போல் ஒருவன் மீதியைக் கலந்துகொள்வான்.