சிறுநீர்ப் போத்தல் சொல்லும் சேதி

(தோட்டத் தாய்மார் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



மாசமாக இருக்கிற பிள்ளைகள் கிளினிக்குக்குப் போனால் மிட்வைஃப் அம்மா இரண்டு வேலை கட்டாயம் செய்வாங்க. கையில் பட்டி கட்டி பிரஷர் பார்ப்பாங்க. சின்னப் போத்தலில் சிறுநீர் கேட்பாங்க. "எனக்கு ஒண்ணும் இல்லையே, இது எதுக்கு?" என்று நம்ம பிள்ளைகள் கேட்கிறாங்க. அந்தக் கேள்விக்கு இன்றைக்குப் பதில் சொல்லப்போகிறேன்.

தேத்தண்ணி வடிக்கிறோம். சாயம் கீழே இறங்குது, தூள் வடியிலேயே நிற்குது. நம்ம சிறுநீரகமும் அப்படித்தான். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய 10 லட்சம் வடிகள் இருக்கு. ஒவ்வொரு வடியும் மெல்லிய இரத்தக் குழாய்கள் சுருண்ட ஒரு சின்ன உருண்டை. குழாய்க்கு வெளியே கால் முளைத்த மாதிரி கலங்கள் உட்கார்ந்திருக்கு. இவற்றுக்குப் போடோசைட் என்று பெயர். இரண்டு கை விரல்களைக் கோர்த்துப் பிடித்தது போல இவற்றின் கால்கள் கோர்த்திருக்கும். அந்த இடுக்கு வழியாகத் தண்ணீரும் உப்பும் கழிவும் போகும். உடம்புக்கு வேண்டிய புரதம் உள்ளேயே நிற்கும். ஒரு நாளைக்கு 180 லீற்றர் அளவு இப்படி வடியுது. அதில் பெரும்பகுதியை உடம்பு திரும்ப எடுத்துக்கொண்டு, ஒன்று இரண்டு லீற்றரைத்தான் சிறுநீராக விடுது.

இந்த வடி பழுதாகாமல் இருப்பது எப்படி? போடோசைட் கலம் வளர்ச்சிக் காரணி என்ற ஒரு பொருளைச் செய்து, பக்கத்தில் உள்ள இரத்தக் குழாய்க்கு அனுப்புது. குழாயின் கலங்களில் அதை வாங்கிக்கொள்ள ஏற்பி என்ற கைகள் இருக்கு. காரணி ஏற்பியில் போய்ச் சேர்ந்தால்தான் குழாய்ச் சுவர் நலமாக இருக்கும். நமக்கு வரும் கடிதம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்க.

இப்போ விஷயத்துக்கு வருவோம். சில தாய்மாருக்கு நஞ்சுக்கொடிக்குப் போதிய இரத்தம் போகாது. அப்போ அந்தக் கொடி, அதே ஏற்பியின் துண்டுகளை அளவுக்கு மீறித் தாயின் இரத்தத்தில் விடுது. எந்தக் கலத்திலும் ஒட்டாமல் திரியும் கைகள் அவை. வருகிற வளர்ச்சிக் காரணியை வழியிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். வீட்டுக்கு வரவேண்டிய கடிதத்தை ரோட்டிலேயே யாரோ வாங்கிக்கொண்ட மாதிரிதான். குழாய்ச் சுவர் வீங்கிப் பழுதாகுது. புரதம் சிறுநீரில் ஒழுகுது. உடம்பு முழுக்க இரத்தக் குழாய்கள் இறுகிப் பிரஷர் ஏறுது. இதற்குத்தான் பிரிஎக்லாம்ப்சியா என்று பெயர்.

இதை 2003இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் அனந்த் கருமாஞ்சி என்ற டாக்டரும் அவருடைய குழுவினரும் காட்டினாங்க. அந்த ஏற்பித் துண்டைச் சினை எலிகளின் உடம்பில் கூட்டிப் பார்த்தபோது பிரஷர் ஏறியது, சிறுநீரில் புரதம் வந்தது, சிறுநீரக வடியும் இதே விதமாகப் பழுதானது.

உலகத்தில் 100 கர்ப்பிணிகளில் 2 முதல் 8 பேருக்கு இந்த நோய் வருது. பெரும்பாலும் 20 வாரத்துக்குப் பிறகு வரும். தலைப்பிள்ளைக்காரிகள், இரட்டைப் பிள்ளை சுமப்பவர்கள், முன்பே பிரஷர், சீனி வியாதி, சிறுநீரக நோய் உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்கவேணும். ஆரம்பத்தில் வலி இருக்காது. மலைக்குப் போய்க் கொழுந்து எடுத்துக்கொண்டே இருப்பாங்க. அதுதான் பயம். கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரும், தாயும் பிள்ளையும் போய்விடக்கூடும். சில பேருக்குச் சிறுநீரில் புரதம் வராமலும் இந்த நோய் வரும். அதனால்தான் போத்தலும் வேணும், பிரஷரும் பார்க்கவேணும்.

பிரஷர் 140/90க்கு மேலே போனாலோ, கடுமையான தலையிடி, கண் மங்கல், மேல் வயிற்றில் வலி, முகமும் கையும் திடீரென்று வீங்குதல் இருந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கால் வீக்கம் மட்டும் என்றால் அது பல பேருக்கு வருவதுதான், ஆனாலும் காட்டுங்க. கம்பளை, நாவலப்பிட்டி, பேராதனை, கண்டி என்று எந்த அரசாங்க ஆஸ்பத்திரி கிட்ட இருக்கோ அங்கே கொண்டுபோங்க. காசு கேட்கமாட்டாங்க. பிரஷருக்கு மருந்து இருக்கு. வலிப்பைத் தடுக்க மக்னீசியம் சல்பேட் ஊசி இருக்கு. 2002இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில் அந்த ஊசி வலிப்பைப் பாதிக்கு மேல் குறைத்தது. பிள்ளையும் கொடியும் வெளியே வந்தால் நோயின் வேர் போய்விடும். பெரும்பாலான தாய்மாருக்குச் சிறுநீரகமும் தேறிவிடும். பிள்ளை பிறந்து ஆறு வாரம்வரை எச்சரிக்கையாக இருங்க.

கடைசியாகக் கணவன்மாருக்கும் மாமியார்மாருக்கும் ஒரு வார்த்தை. கிளினிக் நாளில் "அரைப்பேர் போய்விடும்" என்று மறிக்காதீங்க. அரைப்பேரை அடுத்த கிழமை உழைத்துக்கொள்ளலாம், தாயை உழைத்து வாங்க முடியாது. கங்காணிமாரும் அன்றைக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுங்க. தங்கச்சிமார் வெட்கப்படாமல் போத்தலை நிரப்பிக் கொடுங்க. உங்கள் உடம்புக்குள்ளே நடக்கிறதை உங்களுக்கு முன்னாலேயே அது சொல்லிவிடும்.