சக்கர நாற்காலியும் சுகாதாரக் காப்பீடும்

(பயிற்சி அலுவலர்களும் பொருளாதார மாணவர்களும் கூடியிருந்த அவையில் மைய அரசு அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



எதிர்பாராமல் நேரும் இழப்பைப் பலரும் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடே காப்பீடு என்று பாடநூல்களில் பயில்கிறோம். இந்த இலக்கணம் சரியானதே. ஆயினும், எதனை இழப்பாகக் கொள்வது, அது எந்த நாளோடு முடிவடைந்ததாகக் கருதுவது என்ற வினாக்களுக்குத் திட்டங்களின் விதிகளே விடை கூறுகின்றன. சக்கர நாற்காலி என்ற எளிய பொருளைக் கொண்டு இதனை ஆராய விரும்புகிறேன்.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி பேர். அவர்களுள் இயக்கக் குறைபாடு உடையோர் ஏறத்தாழ 54 லட்சம். இவர்கள் அனைவருக்கும் சக்கர நாற்காலி தேவைப்படுவதில்லை. தேவைப்படுவோருக்கோ, அது இல்லையேல் பள்ளியும் இல்லை, பணியும் இல்லை, பிறர் உதவியின்றி வீட்டு வாயிலைக் கடப்பதும் இயலாது.

மூன்று வழிகள்

இதனைப் பெற இன்று மூன்று முக்கிய வழிகளை மக்கள் நாடுகின்றனர். முதலாவது, தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம். 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கப்பெற்றது. 2019 ஜூலை முதல் வேலை அளிப்போர் ஊதியத்தில் 3.25 சதவிகிதமும், தொழிலாளர் 0.75 சதவிகிதமும் செலுத்தும் முறை நடைமுறைக்கு வந்தது. செயற்கை உறுப்புகளும் சக்கர நாற்காலியும் இத்திட்டத்தில் மருத்துவ உதவியின் ஒரு பகுதியாகும். சக்கர நாற்காலி காப்பீட்டுத் தத்துவத்திற்குப் புறம்பானதன்று என்பதற்கு இதுவே சான்று.

இரண்டாவது, 2018 செப்டம்பர் 23 அன்று தொடங்கப்பெற்ற ஆயுஷ்மான் பாரத் பிரதம மந்திரி ஜன் ஆரோக்கிய யோஜனா. தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்குப் பாதுகாப்பு அளிக்கும் திட்டம் இது. வீடு திரும்பிய பின் 15 நாட்கள் வரையிலான மருத்துவச் செலவும் ஏற்கப்படுகிறது. ஆனால் இதன் அமைப்பு மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சையைச் சார்ந்தது. வீட்டில் ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தும் நாற்காலி இதன் எல்லைக்கு வெளியே நிற்கிறது.

மூன்றாவது, 1981 முதல் நடைபெறும் 'அடிப்' எனப்படும் உதவிக் கருவிகள் வழங்கும் திட்டம். இது காப்பீடன்று, நலத்திட்ட உதவி. 40 சதவிகிதத்திற்குக் குறையாத ஊனத்திற்கான சான்றிதழ் வேண்டும். 2022இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, மாத வருமானம் 22,500 ரூபாய் வரை உள்ளோர்க்கு முழு உதவியும், 30,000 ரூபாய் வரை உள்ளோர்க்குப் பாதி உதவியும் உண்டு. கருவியின் விலைக்குப் பொதுவான வரம்பு 15,000 ரூபாய். 1972இல் நிறுவப்பட்ட கான்பூர் செயற்கை உறுப்புகள் உற்பத்திக் கழகம் இக்கருவிகளைத் தயாரித்து, முகாம்கள் வாயிலாகவும் வழங்குகிறது.

இடைவெளி எங்கே?

தனித்தனியே நோக்கினால் இத்திட்டங்கள் ஒவ்வொன்றும் முறையானதே. குறை அவற்றுக்கு இடையில் இருக்கிறது. சாரத்திலிருந்து விழுந்து தண்டுவடம் சிதைந்த கட்டடத் தொழிலாளி ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவருக்குத் தொழிலாளர் காப்பீடு இல்லை. அறுவைச் சிகிச்சைச் செலவை ஆயுஷ்மான் பாரத் ஏற்கிறது. பின்னர் அவர் வீட்டுக்கு அனுப்பப்படுகிறார். சான்றிதழ், மருத்துவக் குழு, விண்ணப்பம், முகாம் என மாதங்கள் கழிகின்றன. அதுவரை அவர் படுத்த படுக்கையாகவே இருக்கிறார். படுக்கைப் புண் உண்டாகிறது. சிறுநீர்த் தொற்று தொடர்கிறது. மீண்டும் மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார். காப்பீடு மீண்டும் பணம் செலுத்துகிறது.

5 லட்சத்தில் 15,000 ரூபாய் என்பது 3 சதவிகிதமே. இச்சிறு தொகை உரிய காலத்தில் கிடைக்காமையால், முன்னர்ச் செலவிட்ட பெருந்தொகையின் பயன் குன்றுகிறது. தொழிலாளியின் உழைப்பும் நாட்டுக்குக் கிடைக்காமல் போகிறது.

ஆட்சேபங்கள்

காப்பீட்டில் பொருள் வழங்கினால் தேவையற்றோரும் கேட்பர் என்பது ஓர் ஆட்சேபம். நடக்க இயன்றவர் எவரும் சக்கர நாற்காலியை விரும்பிக் கேட்பதில்லை. மருத்துவரின் பரிந்துரையே போதிய கட்டுப்பாடாகும்.

உண்மையில் அஞ்சவேண்டிய விரயம் வேறு. உடலுக்கும் வீட்டுக்கும் பொருந்தாத நாற்காலியை வழங்குவதே அது. உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட வழிகாட்டி நெறிகள், அளவெடுத்தல், பொருத்துதல், பயிற்சி, பழுது பார்த்தல் ஆகிய அனைத்தையும் வழங்கும் பணியின் அங்கங்களாகவே கொள்கின்றன. திண்டு சரியில்லாத நாற்காலி தானே புண்ணை உண்டாக்கும். டயர் தேய்ந்த வண்டி வீட்டு மூலையில் கிடக்கும். புதியது பெற மூன்றாண்டுகள் காத்திருக்க வேண்டும். எனவே பொருளுக்கு மட்டுமன்றிப் பராமரிப்புக்கும் நிதி ஒதுக்குவதே சிக்கனம்.

சட்டமும் நிர்வாகமும்

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, வருமான வரம்புக்கு உட்பட்டு உதவிக் கருவிகளை இலவசமாக வழங்குதலையும், வேறு அரசுக் காப்பீடு இல்லாத மாற்றுத்திறனாளிகளுக்கு விரிவான காப்பீட்டையும் ஒருங்கே கூறுகிறது. சட்டம் ஒரே பிரிவில் வைத்த இவ்விரண்டையும் நிர்வாகம் இரு அமைச்சகங்களில் வைத்திருக்கிறது. இவற்றை இணைக்க மூன்று நடவடிக்கைகள் தேவை. முதலாவதாக, தண்டுவடக் காயம் போன்றவற்றில் நாற்காலியைச் சிகிச்சைத் தொகுப்பிலேயே சேர்த்தல் வேண்டும். இரண்டாவதாக, ஊனச் சான்றுக்கான பணி மருத்துவமனையிலேயே தொடங்க வேண்டும். அலுவலகங்களுக்கிடையே காகிதம் செல்லட்டும், நோயாளி அலைய வேண்டாம். மூன்றாவதாக, பழுது பார்க்க ஆண்டுதோறும் சிறு தொகை அனுமதிக்க வேண்டும்.

விதிகள் திருந்தும் வரையிலும் நாம் செய்யக்கூடியவை உண்டு. தொழிலாளர் காப்பீடு உள்ளவருக்கு நாற்காலி பெறும் உரிமை இருப்பதை எடுத்துரைக்கலாம். ஏனையோரின் வருமானச் சான்றையும் ஊனச் சான்றையும் விரைந்து முடித்து 'அடிப்' திட்டத்திற்கோ மாநில அரசின் திட்டத்திற்கோ அனுப்பலாம். விண்ணப்பத்தை மறுக்க நேர்ந்தால், காரணத்தை எழுத்தில் தந்து அடுத்து நாடவேண்டிய அலுவலகத்தையும் குறிப்பிடலாம். இவற்றுக்குப் புதிய நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை.

செலுத்தப்பட்ட காப்பீட்டுத் தொகை எவ்வளவு என்று நம் அறிக்கைகள் கூறுகின்றன. சிகிச்சை பெற்றவர்களுள் எத்தனை பேர் மீண்டும் பணிக்குச் சென்றனர், எத்தனை குழந்தைகள் பள்ளிக்குத் திரும்பினர் என்பதையும் அவை கூறத் தொடங்க வேண்டும். அந்தக் கணக்கைக் கேட்கும் பொறுப்பு, நாளை கோப்புகளைப் பார்க்கப்போகும் உங்களைச் சார்ந்தது.