வணிகத்திலிருந்து சட்டமன்றத்திற்கு: டான்ஸ்ரீ காலிட் இப்ராகிமின் பொதுவாழ்வு

(ஆலயத் திருவிழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வள்ளுவப் பெருந்தகை அரசனின் மாட்சியையும் பொருள் ஈட்டும் வகையையும் பொருட்பால் என்னும் ஒரே பாலில் அமைத்தார். செல்வத்தைக் காக்கத் தெரிந்தவர் மாநிலத்தையும் காப்பாரா? இவ்வினாவிற்கு விடை காண, கோல சிலாங்கூர் மண்ணில் தோன்றிய டான்ஸ்ரீ அப்துல் காலிட் இப்ராகிம் அவர்களின் வாழ்வு துணை செய்யும்.

1946ஆம் ஆண்டு ஜெரமில் பிறந்த அவர், மலாயாப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பயின்றார். 1979 முதல் 1994 வரை பெர்மோடாலான் நேஷனல் நிறுவனத்தின் நிருவாகத்தை ஏற்று நடத்தினார். 1981 செப்டம்பர் 7ஆம் நாள் காலை, இலண்டன் பங்குச் சந்தையில் சில மணி நேரத்திற்குள் கத்ரி நிறுவனத்தின் பங்குகளை அந்நிறுவனம் வாங்கிக் குவித்தது. 1821இல் சிங்கப்பூரில் தொடங்கப்பெற்ற அவ்வாங்கிலேய நிறுவனம் மலேசியர் உடைமையாயிற்று. அதனை முன்னின்று நடத்தியவர் காலிட். 1995 முதல் 2003 வரை அதே கத்ரியின் தலைமை நிருவாகியாகவும் விளங்கினார்.

தோட்டங்களில் பால்மரம் சீவிய தமிழருக்கு இதனால் விளைந்தது என்ன? உடைமை நாடு திரும்பியது. லயத்து வீடோ தொழிலாளியின் பெயருக்கு வரவில்லை. வேலை போனால் வீடும் போகும் என்னும் பழைய நிலை தோட்டப்புறங்களில் நீடித்தது. ரப்பர் மறைந்து செம்பனையும், செம்பனை மறைந்து நகரங்களும் எழுந்தபோது அத்துயரம் பெருகியது.

அத்தோட்டப்புற மக்களிடமே அவர் வாக்குக் கேட்டு வந்தார். 2007 ஏப்ரல் 28இல் நடந்த ஈஜோக் இடைத்தேர்தலில் ம.இ.கா. வேட்பாளர் கே. பார்த்திபனிடம் 1,850 வாக்குகளில் தோற்றார். ஓராண்டுக்குள், 2008 மார்ச்சில், அதே ஈஜோக்கில் வென்று சிலாங்கூர் மந்திரி பெசாரானார். அவ்வாண்டு ஜூன் முதல் இல்லங்களுக்கு மாதம் 20 கன மீட்டர் நீர் இலவசமாக்கப்பட்டது. தோட்டத் தொழிலாளர், வறுமை ஒழிப்பு ஆகிய பொறுப்புகள் ஆட்சிக் குழுவில் டாக்டர் சேவியர் ஜெயகுமாரிடம் அளிக்கப்பட்டன.

சிக்கனமே அவருடைய ஆட்சியின் முத்திரை. மாநிலத்தின் சேமிப்பு ஏறத்தாழ மூன்று பில்லியன் வெள்ளியாக வளர்ந்ததைப் பலர் பாராட்டினர். ஏழைக்கு வீடில்லாதபோது கருவூலம் நிறைந்திருப்பதால் யாருக்குப் பயன் என்று வேறு சிலர் வினவினர். இரு கூற்றிலும் நியாயம் உண்டு. நிறுவனத்தின் ஆண்டறிக்கை இலாபத்தால் அளக்கப்படும். ஆட்சியின் ஆண்டறிக்கையோ குடிமக்களின் அடுப்படியில் எழுதப்படும்.

நிறுவனத்தில் ஆணையிட்டுப் பழகியவருக்குக் கட்சியினரை அரவணைத்துச் செல்லுதல் எளிதாக அமையவில்லை. 2013இல் கிள்ளான் துறைமுகத் தொகுதியில் வென்று பதவியில் தொடர்ந்த அவர், 2014 ஆகஸ்டில் சொந்தக் கட்சியிலிருந்தே நீக்கப்பட்டார். செப்டம்பரில் அஸ்மின் அலி மந்திரி பெசாரானார். 2022 ஜூலை 31இல் காலிட் இயற்கை எய்தினார்.

அன்பர்களே! பொதுப்பணத்தை வீணாக்காமை அவரிடம் கற்கத்தக்க பண்பு. சேர்த்த பொருளைக் காலமறிந்து எளியோர் வாசலில் சேர்ப்பதும், உடனிருப்போரின் மனமறிந்து நடப்பதும் அவர் வாழ்வு விட்டுச்சென்ற பாடங்கள். சங்கமாயினும் ஆலயமாயினும் சட்டமன்றமாயினும் பொறுப்பேற்போர் இவற்றை நெஞ்சில் நிறுத்துவார்களாக.